வன்னியில் பழைய முற்றத்து வீட்டை உணவகமாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வவுனியாப் பட்டினத்தில் ஓட்டுக்கூரையும் நடுமுற்றமும் உள்ள பழைய வீடொன்றைச் சாப்பாட்டுக்கடையாக மாற்றப் போகிறோம் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "முற்றத்துக்கு மேலால தகரம் போட்டு மூடினா எத்தனை மேசை போடலாம்?"

நாலு மேசை போடலாம். ஆனால் அந்த நாலு மேசைக்காக வீட்டையே இழப்பீர்கள். நாற்சார் வீடு என்பது முற்றத்தைச் சுற்றிக் கட்டியது. வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. சூடு அதன் வழியாகத்தான் மேலே போகிறது. கூரை நான்கின் மழையும் அங்கேதான் இறங்குகிறது. அதை மூடினால் பகலிலும் விளக்கு வேண்டும், அறைக்கு அறை ஏசி வேண்டும், மழைத்தண்ணீருக்குப் புது வழி வேண்டும். இரண்டாம் மாரியில் சுவர் ஊறத் தொடங்கும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே தீர்மானத்தில் நிற்கிறது. பழைய வீடு சாப்பிடுகிற இடம் மட்டுமே. நெருப்பு, எண்ணெய், கழுவுகிற தண்ணீர் எல்லாம் பின்வளவில் தனிக்கட்டடத்தில். இது புதுப் புத்திசாலித்தனமும் இல்லை. எங்கள் முன்னோர் அடுக்களையை வீட்டிலிருந்து விலக்கிக் கட்டியது நெருப்புக்கும் புகைக்கும் பயந்துதான். அவர்கள் வகுத்த ஒழுங்கை உணவகத்துக்கு ஏற்றபடி பெரிதாக்குகிறோம், அவ்வளவுதான்.

வன்னியில் இப்படிப்பட்ட வீடுகள் அதிகம் மிஞ்சவில்லை. வடக்குக்கு ரயில் பாதை 1905 இல் ஓடத் தொடங்கிய பிறகு பாதையோரம் வளர்ந்த பட்டினங்களில் கடைக்காரரும் உத்தியோகத்தரும் கட்டிய வீடுகள் பல. யுத்தம் பெரும்பாலானவற்றைத் தின்றுவிட்டது. முல்லைத்தீவுக் கரையில் யுத்தம் விட்டதை 2004 டிசம்பர் 26 கடல் எடுத்தது. சுவர் நின்ற வீடுகளிலும் கூரை மரத்தைப் பங்கருக்கு, அதாவது பதுங்குகுழிக்கு, கழற்றினார்கள். ஓட்டையும் நிலையையும் யார் யாரோ கொண்டுபோனார்கள். ஆகவே, நிற்கிற ஒன்றில் கை வைக்கும்போது நிதானமாகக் கை வையுங்கள்.

முதற்படி: காணி யாருடையது

மேசனைக் கூப்பிட முதல் சட்டத்தரணியைக் கூப்பிடுங்கள். அது சொந்த உறுதிப்பத்திரமுள்ள உறுதிக்காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியா? வன்னியில் பெருமளவு நிலம் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டது. அதை நினைத்தபடி குத்தகைக்கு எடுக்கவோ ஈடு வைக்கவோ ஏலாது. உறுதிக்காணி என்றால் பங்காளிகள் எத்தனை பேர், எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட காணியில் மனைவியின் பேரிலுள்ள சொத்தை எழுதுவதற்குக் கணவனின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்; பங்கை விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமையும் உண்டு. ரொறன்ரோவில் இருக்கிற ஒரு சித்தப்பாவின் கையெழுத்துக்காக ஓடு பிரித்த வீடு ஒன்று ஒரு மாரி முழுக்க நனைந்துகொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். குத்தகை என்றால் பத்து வருடத்துக்குக் குறைய எழுதாதீர்கள். பழைய வீட்டில் போடுகிற காசு மெதுவாகத்தான் திரும்பி வரும்.

அடுத்தது வயது. 1815 மார்ச் 2 க்கு முந்திய கட்டடம் என்றால் 1940 இன் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் அதைத் தொடும். தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் அசைக்கக்கூடாது. மன்னார்ப் பக்கத்தில் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். வவுனியாவில் நீங்கள் காணப்போகிற வீடுகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுக்குரியவை. உள்ளூராட்சி மன்றத்தில் கட்டட அனுமதி, வியாபார உரிமம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சம்மதம் ஆகியவை எப்படியும் வேண்டும். வரைபடம் கீறத் தொடங்கும்போதே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டுங்கள். கட்டி முடித்தபின் அவர் சொல்கிற திருத்தம் இரண்டு மடங்கு செலவு.

இரண்டாம்படி: ஒரு மழையை வீட்டுக்குள் இருந்து பாருங்கள்

இந்தப் படியை அநேகமாக யாரும் செய்வதில்லை. செய்தவர்கள் யாரும் பின்னர் வருந்தியதும் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் ஒரு நல்ல மழை நாளில் கொப்பியும் பென்சிலுமாக அந்த வீட்டு விறாந்தையில் இருங்கள். எந்த ஓட்டுக்குக் கீழே சொட்டுகிறது, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, எந்தப் பக்கச் சாரல் எதுவரை வருகிறது என்று குறியுங்கள். சாரல் வருகிற எல்லைக்குச் சோக்கால் தரையில் கோடு போடுங்கள். மேசைகள் அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் நிற்க வேண்டும். பிறகு சித்திரை வெயிலில் இன்னொரு முறை வாருங்கள், மத்தியானம் ஒரு மணிக்கு. எந்தப் பக்கம் நிழல், எங்கே காற்று என்று பாருங்கள். சோறு சாப்பிட ஆட்கள் வருகிற நேரம் அதுதானே.

அளக்கும்போது சுவரின் தடிப்பு, கதவு நிலையின் உயரம், திண்ணையின் உயரம், முற்றம் தரையைவிட எவ்வளவு பதிந்திருக்கிறது என்பவற்றை விடாதீர்கள். சுவரில் ஈரம் ஏறி நிற்கும் கோடு தெரியும். அதற்கு மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அந்தக் கோட்டின் உயரத்தை ஒவ்வொரு சுவரிலும் எழுதுங்கள். மரங்கள் சுவருக்குள் போகிற இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனையும் பாலையும் முதிரையும் நடுநீளத்தில் இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் மறைந்த முனையில்தான் கறையான் தன் வேலையைக் காட்டும்.

வளவையும் பாருங்கள். பங்கர் வெட்டியிருந்தார்களா என்று அயலில் வயதானவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சரியான இடத்தைக் காலால் மிதித்துக் காட்டுவார்கள். மூடிய பங்கரின் மண் எவ்வளவு வருடமானாலும் இறுகிய நிலமாகாது. நான் மேற்பார்த்த ஒரு வேலையில் கேட்காமல் அதன்மேல் குசினி அத்திவாரம் போட்டோம். முதல் மாரியிலேயே ஒரு மூலை மூன்று அங்குலம் இறங்கியது. பிழை என்னுடையது, கேட்டிருக்க வேண்டும். கிணற்றை இறைக்கும்போதோ வளவைக் கிண்டும்போதோ துருப்பிடித்த இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் தொடாமல் வேலையை நிறுத்திப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

மூன்றாம்படி: கூரை, தைப்பொங்கலுக்குப் பிறகு

கூரை வேலையைத் தைப்பொங்கல் முடிந்து தொடங்கி ஆவணிக்குள் முடிக்க வேண்டும். புரட்டாசியில் ஓடு திறந்திருக்கக்கூடாது. நான்கு பக்கத்தையும் ஒரே தரத்தில் பிரிக்கவும் கூடாது; ஒரு சார் பிரித்து, திருத்தி, வேய்ந்த பிறகு அடுத்தது. சுவர்த்தலையில் பாரம் ஒரே நாளில் இறங்கினால் பழைய சுவர் அசையும்.

ஓட்டைக் கழற்றியதும் கவிழ்த்துப் பாருங்கள். பல வீடுகளில் அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயர் பதித்திருக்கும். மங்களூரில் 1865 இல் பாசல் மிசன் என்ற கிறிஸ்தவ மிசன் தொடங்கிய ஓட்டுத் தொழிலும் அதைப் பார்த்து மலையாளக் கரை முழுக்க எழுந்த சூளைகளும் கப்பலேற்றிய தட்டையோடுகள்தான் எங்கள் ஊரில் கள்ளிக்கோட்டை ஓடு என்று பேர் பெற்றவை. ஒரு சூளையின் ஓடு இன்னொன்றின் தவாளிப்பில் சரியாக உட்காராது. ஆகவே உடைந்ததற்குப் பதிலாக அங்கொன்று இங்கொன்றாகப் புது ஓடு செருக வேண்டாம். நல்ல பழைய ஓடுகளை எல்லாம் பொறுக்கி, முற்றத்தைப் பார்த்துச் சரிகிற உள்கூரைகளுக்குப் போடுங்கள். விறாந்தையில் இருந்து சாப்பிடுகிறவர் நிமிர்ந்தால் காண்பது அதைத்தான். புது ஓடு வெளிக்கூரைக்குப் போகட்டும்.

ஒழுக்கு பெரும்பாலும் இரண்டு கூரை சேருகிற உள்மூலையில்தான். நான்கு மூலைகளிலும் பழைய தகடு இற்றுப்போயிருக்கும். அங்கே அகலமான நல்ல அலுமினியத் தகடு போட்டு, ஓட்டின் விளிம்பைத் தகட்டின் நடுவிலிருந்து கையகலம் தள்ளி வெட்டி நிறுத்துங்கள். வேப்பிலை சிக்காமல் தண்ணீர் ஓட வேண்டும். சூறாவளி இங்கே கதை இல்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிச் சூறாவளி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறியது. காற்று ஓட்டைத் தாழ்வாரப் பக்கத்திலிருந்துதான் கிளப்பும். கீழ் இரண்டு வரிசையையும் முகட்டோரத்தையும் கம்பியால் ஓடு தாங்குகிற றீப்பைச் சட்டத்தோடு கட்டுங்கள். பல ஓடுகளில் இதற்கென்றே துளை இருக்கிறது.

மரம் மாற்ற வேண்டி வந்தால் பனைக்குப் பனை, பாலைக்குப் பாலை. இளம் பனை உதவாது. கறுத்து வைரமேறிய சலாகைதான் வேண்டும். பனை தறிக்கவும் முதிரை, பாலை ஏற்றி இறக்கவும் அனுமதி வேண்டும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

நான்காம்படி: சுவரில் சீமெந்து பூசாதீர்கள்

இதில்தான் நான் அதிகம் சண்டை பிடித்திருக்கிறேன். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் ஏறும், சுண்ணாம்புக் காறை வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரத்துக்கு ஏறும். உப்பு உள்ளேயே படிந்து செங்கல்லை மாவாக்கும். இரண்டு வருடத்தில் சீமெந்து பாளமாகக் கழரும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்துக்கொண்டுதான் விழும். எங்களோடு வேலை செய்த வயதான மேசன் ஒருவர் அதைச் சுருக்கமாகச் சொல்வார்: "தண்ணி ஏறுறதை நிப்பாட்டேலாது தம்பி. அது வெளிய போற வழியை மட்டும் அடைச்சுப் போடாத."

முன்பு யாரோ பூசிய சீமெந்து இருந்தால் உளியால் மெதுவாகத் தட்டி எடுங்கள். மெசின் வேண்டாம். சுவரை ஒரு கோடை முழுக்கக் காய விடுங்கள். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் குறைந்தது இரண்டு கிழமையாவது ஊறவிட்டுக் களியாக்கி, ஒரு பங்குக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல் சேர்த்துக் குழையுங்கள். கடற்கரை மணல் சேரக்கூடாது. உப்பை நீங்களே சுவருக்குள் வைக்கிற மாதிரி. ஈரக்கோட்டுக்குக் கீழ்ப்பட்ட பகுதிக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்து நன்றாக அரித்த செங்கல் தூள் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அது இறுகிய பின்தான் அடுத்தது. வன்னி வெயிலில் சுண்ணாம்பு அவசரமாகக் காய்ந்தால் தூளாய்ப் போகும். நனைத்த சாக்குத் தொங்கவிட்டு ஒரு கிழமை ஈரம் காக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். பிளாஸ்ரிக் பெயின்ற் பூசினால் சீமெந்தைத் தவிர்த்த பிரயோசனம் போய்விடும்.

செல் துண்டு பட்ட வடுக்கள் இருக்கும். சுவரின் பலத்தைக் கெடுக்கிற துளைகளைச் செங்கல் வைத்து அடையுங்கள். மற்றவற்றை என்ன செய்வது என்பது வீட்டுக்காரரின் மனசு. காட்சிக்காக வட்டம் போட்டு விளக்குப் பிடிக்கிறதை நான் விரும்பவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் படுத்துக் கிடந்தவர்களும் சாப்பிட வருவார்கள்.

ஐந்தாம்படி: முற்றமும் கானும்

ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,360 லீற்றர் தண்ணீர். மாரியில் ஒரு மணித்தியாலத்திலேயே இதைவிடக் கூட விழலாம். இவ்வளவும் முற்றத்தில் இறங்கித் தரைக்குக் கீழே போகிற ஒரு கான் வழியாக வெளியே போகிறது. பழைய கான் எங்கே வெளிப்படுகிறது என்று கண்டுபிடியுங்கள். வேர் புகுந்திருக்கும், அல்லது அயல் மதில் அதை அடைத்திருக்கும். திறந்து சுத்தப்படுத்தி, அதற்குப் பக்கத்திலேயே ஆறங்குலக் குழாய் ஒன்றும் போடுங்கள். ஒன்று அடைத்தாலும் மற்றது ஓடும். குசினித் தண்ணீர் ஒரு சொட்டும் இந்தக் கானில் சேரக்கூடாது.

தாழ்வார விளிம்பில் பீலி போட்டுத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுபோனால் இரண்டு நன்மை. விறாந்தை ஓரம் சாரல் குறையும். பாத்திரம் கழுவ மென்மையான தண்ணீரும் கிடைக்கும். வவுனியாக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணம் கூட, பல இடத்தில் புளோரைட்டும் கூட. சமையலுக்கும் குடிக்கவும் சோதித்து வடித்த தண்ணீர்தான் வேண்டும்.

முற்றத்தில் மேசை போடலாமா? கோடையில் மாலை ஆறு மணிக்குப் பிறகு, தூக்கி வைக்கக்கூடிய மேசைகள் போடலாம். மணலை மணலாகவே விடுங்கள். ரைல்ஸ் பதித்த முற்றம் வெயிலை விறாந்தைக்குத் திருப்பி அடிக்கும்.

ஆறாம்படி: குசினியை எங்கே வைப்பது

தென்கிழக்கு மூலை. அக்கினி மூலை என்று சாத்திரம் சொல்வதை நான் காற்றை வைத்து விளங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் வருடத்துக்கு இரண்டு காற்று: சோளகம் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்குப் போகும், வாடை வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு வரும். தென்கிழக்கு மூலையில் எரிகிற அடுப்புக்கு வீடு வடமேற்கில் இருக்கிறது. இரண்டு காற்றும் புகையை வீட்டுக்குப் பக்கவாட்டில் விலக்கிக் கொண்டுபோகுமே தவிர, வீட்டுக்குள் தள்ளாது. உங்கள் வளவில் அந்த மூலை கிடைக்காவிட்டால் இதே கணக்கைப் போட்டு அடுத்த நல்ல இடத்தைத் தேடுங்கள்.

புதுக் குசினி பழைய சுவரைத் தொடக்கூடாது. குறைந்தது நாலடி இடைவெளி விடுங்கள். இரண்டு கூரைத் தண்ணீரும் தனித்தனியே விழும், தீப்பிடித்தாலும் தாண்டுவது கடினம், அத்திவாரம் வெட்டும்போது பழைய அத்திவாரம் அசையாது. இடையில் பரிமாறுகிறவர் நனையாமல் வர, சொந்தத் தூணில் நிற்கிற தாழ்ந்த கூரை ஒன்று போதும். பழைய பின்வாசலே உணவு வருகிற வாசல். எச்சில் பாத்திரம் வேறு வழியால் போக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பக்கத்து விறாந்தையில் ஒரு சிறு கதவு இருக்கும், அது அதற்குப் பொருந்தும். புதுக் கதவு வெட்ட வேண்டாம்.

குசினிக்குள் சீமெந்தும் ரைல்சும் தாராளமாகப் போடுங்கள், அது புதுக்கட்டடம். புகைபோக்கி வாய் வீட்டு முகட்டைவிட உயரமாக இருக்கட்டும். ஒடியல் கூழும் நண்டுக்குழம்பும் விறகில்தான் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், நானும் அப்படித்தான், விறகடுப்புக்குத் தனிச் சார்பு இறக்குங்கள். காஸ் சிலிண்டர்கள் வெளியில், நிழலில், கம்பிவலைக் கூட்டுக்குள். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே காற்றுப்போகும் துளைகள் நிலமட்டத்தில் வேண்டும். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பும் சிலிண்டரும் வெடித்த நாட்களை நாங்கள் மறக்கவில்லை.

கழுவுகிற தண்ணீர் மண்ணுக்குப் போக முதல் எண்ணெய் பிடிக்கும் தொட்டி ஒன்றைத் தாண்ட வேண்டும். வேலை எளிது: தொட்டிக்குள் தண்ணீர் மெதுவாகும், எண்ணெய் மிதக்கும், தண்ணீர் மட்டும் அடியிலிருந்து வளைந்த குழாயால் வெளியேறும். மிதப்பதைக் கிழமைக்கு ஒருமுறை அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் தொட்டி கட்டியும் பலனில்லை. மலக்குழியைக் கிணற்றிலிருந்து வளவு இடம் தருகிற அளவுக்குத் தூரத்தில், கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில் வெட்டுங்கள்.

ஏழாம்படி: ஆட்கள் வருகிற வழி

திண்ணை இரண்டடி உயரம், வாசற்படி கல், நிலை குனிந்து போகிற உயரம். அழகுதான். ஆனால் இது வன்னி. ஒரு காலோடும் செயற்கைக் காலோடும் சக்கர நாற்காலியோடும் வாழ்கிறவர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் படியில் நின்று இரண்டு பேர் தூக்கிவிடக் காத்திருக்கிற ஒரு சாப்பாட்டுக்கடை இங்கே இருக்கக்கூடாது. ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சரிவுப்பாதைக் கணக்கு. இரண்டடித் திண்ணைக்கு இருபத்துநாலடி. முன்பக்கத்தில் அவ்வளவு இடம் இல்லை என்பார்கள். பக்க மதிலோடு ஓட்டி, நடுவில் ஒருமுறை திருப்பி, பக்க விறாந்தையில் ஏற்றினால் பெரும்பாலான வளவுகளில் அடங்கும். எல்லோரும் அந்த வழியாலேயே வரும்படி தலைவாசலை அங்கே பார்க்க வைத்தால் இன்னும் நல்லது. யாரும் தனிவழி போக வேண்டியதில்லை. கழிவறைக் கதவு மூன்றடி அகலம், உள்ளே நாற்காலி திரும்பப் போதிய இடம், பக்கத்தில் பிடி.

மேசைகளை விறாந்தையில் சுவரோரமாக ஒற்றை வரிசையில் போடுங்கள். ஆறடி விறாந்தையில் மூன்றடி நடைபாதைக்கு விட்டால் இருவர் மேசைதான் அடங்கும். குடும்பமாக வருகிறவர்களுக்குக் கூடமும் அறைகளும். ஒரு ஆளுக்குப் பதினைந்து முதல் பதினெட்டுச் சதுர அடி என்று எண்ணினால் நெருக்கம் இராது. சுவாமி அறையைச் சுவாமி அறையாகவே விடுங்கள். களஞ்சிய அறையாக்கிய ஒரு வீட்டில் சமையல்காரரே வேலைக்கு நிற்கவில்லை.

வயரைச் சுவரில் வெட்டிப் புதைக்காதீர்கள், சுண்ணாம்புச் சுவர் அந்த வெட்டைத் தாங்காது. மரத்தோரமாக வெளியே ஓடுகிற குழாயில் இழுத்து, புது ட்ரிப் சுவிட்சோடு குசினிக்குத் தனி இணைப்புக் கொடுங்கள். மஞ்சள் வெளிச்சம், தாழ்வாக, சுவரைப் பார்த்து. முற்றத்துக்கு ஒரு விளக்கும் வேண்டாம்.

திறந்த முதல் வருடம்

முதல் மாரியில் மறுபடியும் அந்தக் கொப்பியோடு விறாந்தையில் இருங்கள். சோக்குக் கோட்டை மீறிச் சாரல் வந்தால் பனையோலைத் தட்டி தொங்கவிடலாம். சுவரில் எழுதிய ஈரக்கோடு இறங்கியிருக்கிறதா என்று தை மாதத்தில் அளந்து பாருங்கள்; இறங்காவிட்டால் எங்கோ ஒரு பீலி சுவரில் கொட்டுகிறது. கான் வாயில் உள்ள இரும்பு வலையைக் கிழமைக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். மாசி பங்குனியில் வேம்பு இலை கொட்டும்போது நாள்தோறும் காலையில், முற்றம் கூட்டுகிற கையோடு.